ஆல்கோ என்றால் ஆல்கோதானா?

“ஆல்கோன்னா ஆல்கோதான் அண்ணே. டீகோடரை வாங்குனோமா, ஒயரைப் பத்த வச்சோமா, ஓட்டுனோமான்னு இருக்கணும். அதுக்கு மேல நோண்டுறது வீண் வேலை.” ரயில் மாதிரிகள் செய்பவர்களிடம் ஒலியைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் வருவது இந்தத் தீர்ப்புதான். சொல்பவர்கள் விளையாட்டுப் பிள்ளைகள் அல்ல. டபிள்யூடிஎம்-2 இன்ஜினின் பக்கக் கதவுகளையும் ஆணிகளையும் புகைப்படம் பார்த்து எண்ணிச் செய்கிறவர்கள். எந்த ஷெட் எந்த ஆண்டில் என்ன வண்ணம் அடித்தது என்று மணிக்கணக்காக வாதாடுகிறவர்கள். கண்ணுக்கு இவ்வளவு கறாராக இருப்பவர்கள், காதுக்கு மட்டும் எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். அது தவறு என்பதே என் வாதம்.

புதியவர்களுக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உண்மை இன்ஜினை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அது எச்ஓ அளவு. உலகில் மிகுதியாகப் புழங்குவது இதுதான். முன்பெல்லாம் தண்டவாளத்தில் மின்னழுத்தத்தைக் கூட்டினால் வண்டி ஓடும், குறைத்தால் நிற்கும். 1990களில் பரவிய டிசிசி முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். கட்டளைகள் அதே தண்டவாளம் வழியாக எண்களாகப் போகும். இன்ஜினுக்குள் உட்கார்ந்திருக்கும் டீகோடர் தன் முகவரிக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரையும் விளக்கையும் இயக்கும். ஒலி டீகோடரில் கூடுதலாக ஒரு நினைவகமும் சின்ன ஆம்ப்ளிஃபையரும் உண்டு. உண்மை இன்ஜினிடம் போய்ப் பதிவு செய்துவந்த ஒலித்துண்டுகள் அந்த நினைவகத்தில் இருக்கும். எந்தத் துண்டு எப்போது, எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும் என்பதைச் சிவி எனப்படும் எண்ணிட்ட அமைப்புகள் தீர்மானிக்கும். டீகோடரும் ஸ்பீக்கரும் சேர்ந்து பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், சுங்கவரி வேறு. இவ்வளவு கொடுத்து வாங்கியவர் அந்த எண்களில் ஒன்றைக்கூடத் தொடாமல் விடுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் எழுதுவது வல்லத்திராக்கோட்டையிலிருந்து. எங்கள் ஊருக்குள் தண்டவாளம் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் புதுக்கோட்டைக்கோ அறந்தாங்கிக்கோதான் போக வேண்டும். திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929இல் வந்த மீட்டர்கேஜ் பாதை 2007 வாக்கில் அகலப்பாதையாகிவிட்டது. அறந்தாங்கி வழியாகப் போன காரைக்குடி – திருவாரூர் மீட்டர்கேஜ் 2012இல் நின்றது. அந்த வழி முழுவதும் அகலப்பாதையில் வண்டி ஓட 2019 ஆனது. நீராவி போன பிறகு இந்தப் பாதைகளில் வண்டி இழுத்தது ஒய்டிஎம்-4 டீசல் இன்ஜின். அகலப்பாதை வந்ததும் அந்த வேலைக்கு வந்தவை டபிள்யூடிஎம்-2 வகையும் அதன் வாரிசுகளும். இரண்டுக்கும் வடிவமைப்பு அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்துடையது. இரண்டிலும் இருப்பது அதே 251 வரிசை டீசல் இன்ஜின். “ஆல்கோன்னா ஆல்கோதான்” என்ற வாதம் இந்த இடத்தில்தான் காலூன்றி நிற்கிறது. ஆகவே இதிலிருந்தே தொடங்குகிறேன்.

டபிள்யூடிஎம்-2இல் இருப்பது வி வடிவில் இரண்டு வரிசையாக அமைந்த 16 சிலிண்டர். ஒய்டிஎம்-4இல் இருப்பது ஒரே வரிசையில் 6 சிலிண்டர். இரண்டும் ஃபோர் ஸ்ட்ரோக். அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். நின்றுகொண்டிருக்கும்போது இரண்டும் நிமிடத்துக்கு 400 சுற்று என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 16 சிலிண்டர் இன்ஜினில் விநாடிக்கு 53 வெடிப்பு. 6 சிலிண்டர் இன்ஜினில் விநாடிக்கு 20. மனிதக் காது ஏறத்தாழ இந்த 20ஐ ஒட்டித்தான் தனித்தனி அடிகளை ஒட்டி ஒரே ஓசையாகக் கேட்கத் தொடங்குகிறது. அதனால்தான் நின்ற டபிள்யூடிஎம்-2 தொடர்ந்து உறுமுகிறது. நின்ற ஒய்டிஎம்-4 தடதடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. புதுக்கோட்டை மேடையில் மீட்டர்கேஜ் வண்டிக்குக் காத்திருந்த யாரைக் கேட்டாலும் அந்தத் தடதடப்பைச் சொல்வார்கள்.

இப்போது முழு நாட்சில், அதாவது டிரைவர் கைப்பிடியின் உச்சப் படியில், பாருங்கள். டபிள்யூடிஎம்-2 நிமிடத்துக்கு 1000 சுற்று, விநாடிக்கு 133 வெடிப்பு. ஒய்டிஎம்-4 நிமிடத்துக்கு 1100 சுற்று, விநாடிக்கு 55. அதாவது முழு பலத்தோடு வண்டியை இழுக்கிற ஒய்டிஎம்-4இன் அடி எண்ணிக்கையும், சும்மா நிற்கிற டபிள்யூடிஎம்-2இன் அடி எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்று. 16 சிலிண்டர் ஒலியை ஒய்டிஎம்-4 மாதிரிக்குள் போட்டவர், அந்த இன்ஜின் தன் வாழ்நாளில் ஒருபோதும் எழுப்பாத ஒலியைப் போட்டிருக்கிறார். இரண்டும் ஆல்கோ என்பதால் அது சரியாகிவிடாது.

இன்னொன்றும் இருக்கிறது. கடையில் ‘ஆல்கோ’ என்று பெயரிட்டு வரும் ஒலிக்கோப்புகளே ஒரே இன்ஜினுடையவை அல்ல. அமெரிக்காவில் ஓடிய ஆர்எஸ்-3இல் இருந்தது 244 வகை, 12 சிலிண்டர். எஸ்-2 ஷண்டிங் இன்ஜினில் இருந்தது 539 வகை, வரிசையாக 6 சிலிண்டர். ஆர்எஸ்-11இல் 251 வகை, ஆனால் 12 சிலிண்டர். சி-628இல்தான் 251 வகையில் 16 சிலிண்டர். நம் டபிள்யூடிஎம்-2க்குப் பக்கத்துச் சொந்தம் அது. ஒய்டிஎம்-4க்குச் சொந்தம் தேட வேண்டுமென்றால் அலாஸ்காவுக்குப் போக வேண்டும்: ஒயிட் பாஸ் அண்ட் யூகான் குறும்பாதையில் ஓடிய டிஎல்-535ஈ இன்ஜின், நம்முடைய டிஎல்-535ஏயின் உடன்பிறப்பு, அதே 6 சிலிண்டர் 251டி. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் நிறுவனப் பெயரைப் பார்த்து வாங்குகிறவர் இந்தச் சொந்தபந்தம் எதையும் விசாரிப்பதில்லை. சிலிண்டர் எண்ணிக்கையைக் கேட்டு வாங்கினாலே பாதித் தவறு ஒழிந்துவிடும்.

எதிர்த்தரப்பில் விவரமானவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் வைப்பதில் வலுவான வாதமும் அதுதான். “எச்ஓ இன்ஜினுக்குள் போகும் ஸ்பீக்கர் 11க்கு 15 மில்லிமீட்டர். அது 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் சொல்லாது. நீங்கள் 20, 53 என்று கணக்குப் போட்டு என்ன பயன்? அதில் எதுவுமே வெளியே வராதே!” ஸ்பீக்கரைப் பற்றி அவர்கள் சொல்வது உண்மை. அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு தவறு. 20 என்பது இங்கே சுருதி அல்ல; அடி விழும் கதி. ஒவ்வொரு வெடிப்பிலும் புகைபோக்கியின் அறைதல், வால்வின் தட்டல், பல்சக்கரங்களின் உரசல் எல்லாம் உண்டு. அவை 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கின்றன. சின்ன ஸ்பீக்கர் அவற்றைத் தாராளமாகச் சொல்லும். அந்த அறைதல் விநாடிக்கு 20 முறை வருகிறதா 53 முறை வருகிறதா என்பது அடித்தொனி இல்லாமலே காதுக்குத் தெரியும். போதாததற்கு, மேல்தொனிகள் ஒழுங்காக இருந்தால் கேட்காத அடித்தொனியை மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். செல்போனின் குட்டி ஸ்பீக்கரில் தவிலையும் ஆண்குரலையும் நாம் அடையாளம் காண்பது இப்படித்தான். ஆகவே ஸ்பீக்கர் சின்னது என்பதற்காகத் தவறான இன்ஜினின் ஒலி சரியாகிவிடாது. சின்ன ஸ்பீக்கருக்கு வேறொரு கவனம் தேவை: ஒலிக்கோப்பைத் தயாரிக்கும்போதே 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சொல்ல முடியாததைச் சொல்ல முயன்று அந்தச் சின்னத் தகடு கரகரக்கும், சொல்லக்கூடியதும் கெட்டுவிடும்.

ஹாரனுக்கு வருவோம். அமெரிக்க இன்ஜினில் மூன்று அல்லது ஐந்து குழல்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும். நம் டீசல் இன்ஜினில் கீழ்த்தொனி ஒன்று, மேல்தொனி ஒன்று என்று இரண்டு. நம்முடைய டிரைவர் இரண்டையும் சேர்த்து அழுத்துவார், சமயத்தில் ஒன்றை மட்டும் அழுத்துவார். லெவல் கிராசிங்குக்கு முன்னால் நிற்கும் ஊதல் பலகையைக் கண்டதும் நீளமாக ஊதிக்கொண்டே வருவார். அமெரிக்க முறையில் அதே இடத்துக்கு இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம். அங்கே இன்ஜினில் மணி உண்டு. ஸ்டேஷனுக்குள் நுழையும்போது அடித்துக்கொண்டே வரும். நம் டீசல் இன்ஜினில் மணி கிடையாது. எண்ணைத் தொடாமல் விட்ட டீகோடரில் முதல் பொத்தானை அழுத்தினால், தெற்கு ரயில்வே என்று அழகாக எழுதிய வண்டி டிங் டிங் என்று மணியடித்துக்கொண்டு நகர்கிறது. நாதஸ்வர வித்வானின் சிலையைத் தத்ரூபமாகச் செதுக்கிவிட்டு, பொத்தானை அழுத்தினால் கிளாரினெட் ஒலிக்க வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. சவுண்ட்டிராக்ஸின் சுனாமி2 டீகோடரில் 130ஆம் சிவியைச் சுழியாக்கினால் மணி அடங்கிவிடும். ஒரே ஓர் எண். அதைக்கூடச் செய்யாமல் “அதெல்லாம் யார் கவனிக்கப் போறா” என்கிறார்கள்.

பிரேக் இன்னும் நுட்பமான இடம். அமெரிக்கக் கோப்பில் பிரேக் போட்டால் அழுத்தக் காற்று வெளியே சீறும். நம் மீட்டர்கேஜ் வண்டிகளில் இருந்தது வெற்றிட பிரேக். அதில் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து வைத்திருப்பார்கள். டிரைவர் கைப்பிடியைத் திருப்பினால் வெளிக்காற்று உள்ளே பாயும். வெளியே சீறுகிற ஒலி வேறு, உள்ளே இழுக்கிற ஒலி வேறு. காற்றை அழுத்துவதையும் உறிஞ்சுவதையும் சேர்த்துச் செய்த எக்ஸ்பிரஸர் என்ற கருவி நம் ஆல்கோக்களில் இருந்தது. அது ஓடும் தாளமும் தனி. இதையெல்லாம் ஒரே நாளில் மாற்றிவிடு என்று நான் சொல்லவில்லை. சரியான பதிவு கிடைக்காவிட்டால் அந்தப் பிரேக் ஒலியை அணைத்துவையுங்கள். பொய்யான ஒலியைவிட மௌனம் மேல்.

இதுவரை சொன்னது எந்த ஒலி என்பதைப் பற்றி. அந்த ஒலி எப்போது வர வேண்டும் என்பது அதைவிடப் பெரிய விஷயம். இதில்தான் தொழிற்சாலை அமைப்பு நம்மை மோசமாக ஏமாற்றுகிறது. வாங்கியபடியே ஓட்டினால் பெரும்பாலான டீகோடர்களில் வண்டியின் வேகமும் இன்ஜினின் ஓசையும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். மெதுவாகப் போனால் மெல்லிய ஓசை, வேகமாகப் போனால் பெரிய ஓசை. மோட்டார் சைக்கிளுக்கு அது பொருந்தலாம். டீசல் இன்ஜினில் டீசல் மோட்டார் சக்கரத்தோடு பல்சக்கரத்தால் பிணைக்கப்படவில்லை. அது ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. மின்சாரம் சக்கரத்து மோட்டாருக்குப் போகிறது. டிரைவர் நாட்சைக் கூட்டியதும் முதலில் ஓசைதான் எழும். ஆல்கோவாக இருந்தால் டர்போ பிடிக்கும்வரை கரும்புகையும் எழும். வண்டி அசைவது அதற்குப் பிறகு. பதினைந்து இருபது பெட்டிகளை இழுத்துக்கொண்டு புறப்படும்போது ஓசை உச்சத்தில் இருக்கும், வேகம் மனிதன் நடக்கிற அளவுதான் இருக்கும். அதேபோல நார்த்தாமலை தாண்டி புதுக்கோட்டையை நெருங்கும்போது வண்டி நல்ல வேகத்தில் இருக்கும், டிரைவர் நாட்சை இறக்கியிருப்பார், இன்ஜின் சும்மா நிற்பதுபோல முணுமுணுக்கும். ரயில் கனமானது என்ற உணர்வு இந்த முரணில்தான் பிறக்கிறது. அது இல்லாத மாதிரி எத்தனை துல்லியமாக வண்ணம் அடிக்கப்பட்டிருந்தாலும் வெறும் பொருளாகவே தெரியும்.

இதைக் கொண்டுவர ஒரு பைசா கூடச் செலவில்லை. சிவி 3 முடுக்கம், சிவி 4 வேகக்குறைப்பு. இரண்டையும் தாராளமாகக் கூட்டுங்கள். வண்டி சோம்பலாகப் புறப்படும், நிற்க நேரமெடுக்கும். லோக்சவுண்ட் டீகோடரில் டிரைவ் ஹோல்ட் என்றொரு வசதி உண்டு: அதற்கான பொத்தானை அழுத்தியபின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் குமிழைத் திருப்பினால் வேகம் மாறாமல் ஓசை மட்டும் ஏறும் அல்லது இறங்கும். சுனாமி2இல் நாட்சைக் கையால் ஏற்றி இறக்கலாம். பிரேக்குக்கு ஒரு பொத்தானைத் தனியாக ஒதுக்கினால் குமிழைச் சுழியில் வைத்து வண்டியை உருள விட்டு, நடைமேடையின் நுனியில் பிரேக் போட்டு நிறுத்தலாம். இப்படி ஓட்டுவதற்குப் பழக்கம் வேண்டும். குமிழைத் திருப்பியதும் வண்டி பாய வேண்டும் என்று நினைப்பவருக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ரயில் ஓட்டுவது அப்படித்தானே?

மெதுவேகத்தில் வண்டி திக்கித் திணறினால் இந்த அழகெல்லாம் பாழ். ஆகவே ஒலியைத் தொடுவதற்கு முன்பு மோட்டாரைச் சீர் செய்ய வேண்டும். லோக்சவுண்டில் 54ஆம் சிவியில் சுழியை எழுதி, எஃப்1 பொத்தானை அழுத்தினால் இன்ஜின் சட்டென்று முழு வேகத்தில் பாய்ந்து, தன் மோட்டாரின் குணத்தைத் தானே அளந்து எழுதிக்கொள்ளும். முன்னால் நேரான தண்டவாளம் போதிய அளவு இருக்கட்டும். மோட்டாரின் இரண்டு முனைகளில் எதுவும் சட்டத்தையோ தண்டவாளத்தையோ தொடாமல் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே ஆரஞ்சு, சாம்பல் ஒயர்களைப் பற்றவைக்க வேண்டும். இந்த ஒரு சோதனையைத் தவிர்த்தால் டீகோடர் புகைந்துவிடும்.

அடுத்தது ஒலியளவு. “சத்தமா இருந்தாத்தான் ரயில்” என்ற எண்ணம் வேர்விட்டுப்போயிருக்கிறது. எச்ஓ இன்ஜினை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம். உண்மையில் அது 87 மீட்டர். அந்தத் தொலைவில் நிற்கும் இன்ஜினின் முணுமுணுப்பு காதில் விழும், அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. ஹாரன் மட்டும் அதைக் கிழித்துக்கொண்டு வரும். தொழிற்சாலையில் வைத்தபடி விட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒரே உரப்பில் இருக்கும், இரண்டும் மிகையாக இருக்கும். நான்கு இன்ஜின் ஒரே அறையில் நின்றால் அரிசி ஆலைக்குள் நிற்பதுபோல் ஆகிவிடும். வீட்டில் இருப்பவர்கள் நிறுத்தச் சொல்வது நியாயம். லோக்சவுண்டில் 63ஆம் சிவி மொத்த ஒலியளவு, உச்சம் 192. அதை 60, 70க்குக் கொண்டுவாருங்கள். பிறகு தனித்தனி ஒலிகளுக்கு வாருங்கள்: சிவி 31இல் 16, சிவி 32இல் 1 என்று எழுதிவிட்டு 259, 267, 275 என்று எட்டெட்டாகத் தாண்டிப் போனால் ஒவ்வொரு ஒலிக்கும் தனி அளவு கிடைக்கும். இன்ஜினைத் தாழ்த்தி, ஹாரனை அதற்கு மேலே நிறுத்தி, காற்று சீறுவதை இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். ஒலி குறைந்ததும் வண்டி பெரிதாகத் தெரியும்; தொலைவு உண்டாவதுதான் அதற்குக் காரணம்.

ஒலி குறைவாக இருந்தால் தெளிவு போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள் ஸ்பீக்கரைத் தவறாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். ஸ்பீக்கர் தகடு முன்னே தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்பக்க அலையும் பின்பக்க அலையும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். பின்பக்கத்தைக் காற்றுப் புகாத சின்னப் பெட்டியால் அடைத்துவிட்டால் அதே ஸ்பீக்கர் இரண்டு மடங்கு பேசும். பெட்டியின் ஓரத்தில் முடி நுழையும் அளவு இடைவெளி இருந்தாலும் பயன் கெடும். அந்தப் பெட்டிக்கு விலை கிடையாது. கொஞ்சம் பிளாஸ்டிக் தகடும் பசையும் பொறுமையும் போதும். சிலர் இந்தத் தொல்லையே வேண்டாமென்று மேசைக்கு அடியில் பெரிய ஸ்பீக்கர் வைத்து ஒலியை அங்கிருந்து விடுகிறார்கள். வண்டி வலது கோடியில் ஓடிக்கொண்டிருக்கும், ஓசை நடுவிலிருந்து வரும். அதை ரயில் ஒலி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

புதுக்கோட்டைச் சீமையில் இதைச் செய்கிறவர்களுக்குத் தனியாக இரண்டு சொல்ல வேண்டும். இங்கே ஏப்ரல், மே வெயிலில் அறைக்குள்ளேயே வெப்பம் 40 டிகிரியை ஒட்டுகிறது. குளிர்நாட்டு வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டு டீகோடர் முழுவதையும் சுருக்குக்குழாயில் இறுக்கிச் சுற்றிவிட்டால் அதன் சூடு போக வழியிருக்காது. வெப்பம் தாங்கும் மஞ்சள் டேப்பை வேண்டிய இடத்தில் மட்டும் ஒட்டி, காற்றுப்பட விடுங்கள். செம்மண் தூசு இன்னொன்று. தண்டவாளத்தில் படியும் தூசால் ஒரு நொடி மின்சாரம் அறுந்தால் ஒலி வெட்டுப்பட்டு, இன்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆகும் ஒலியிலிருந்து தொடங்கும். ஓடிக்கொண்டிருக்கும் ரயில் நடுவழியில் ஸ்டார்ட் ஆவதைவிட அபத்தம் வேறில்லை. மின்தேக்கி ஒன்றை இணைத்தால் அந்த இடைவெளியைத் தாண்டிவிடலாம். ஆனால் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடைப்பதற்கு அது மாற்று அல்ல.

இவ்வளவும் சொன்ன பிறகு எஞ்சுவது பணத்தையும் பயத்தையும் பற்றிய வாதம். “எண்ணைத் தொட்டால் டீகோடர் கெட்டுவிடும்” என்று பயமுறுத்துகிறார்கள். கெடாது. பெரும்பாலான டீகோடர்களில் 8ஆம் சிவியில் 8 என்று எழுதினால் தொழிற்சாலை அமைப்பு திரும்பிவிடும். மேலே சொன்ன எண்களில் எதையும் மாற்றத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை; ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டியே போதும். புதிய ஒலிக்கோப்பை ஏற்றுவதற்கு மட்டும்தான் கருவி வேண்டும். அதை நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றாக வாங்கிப் பகிரலாம். முதல் வண்டி ஓட்டும் பள்ளி மாணவன் இதையெல்லாம் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவன் ஒலியில்லாத டீகோடரோடு மகிழ்ச்சியாக ஓட்டட்டும். ஒலிக்கென்று பணம் கொடுத்தவர்களிடம்தான் கேட்கிறேன்.

“யார் கவனிக்கப் போகிறார்கள்?” இது கேள்விபோலத் தெரிந்தாலும் மக்களைப் பற்றிய தாழ்ந்த மதிப்பீடு. பொன்மலைப் பணிமனையிலும் ஷெட்டிலும் உழைத்து ஓய்வுபெற்றவர்கள் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரை ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பாதையோரம் வயல் வைத்திருந்தவர்கள் ஓசையை வைத்தே வண்டியைச் சொன்ன காலம் உண்டு. இவர்கள் கையில் சிவி அட்டவணை கிடையாது, ஆனால் காதில் பதிவு இருக்கிறது. மாதிரியை அவர்கள் முன்னால் ஓட்டிப் பாருங்கள். மணி அடித்ததுமே “இது நம்ம வண்டி இல்லையே” என்று சொல்லிவிடுவார்கள்.

இதே அலட்சியம் நீலகிரி மலை ரயிலில் இன்னும் பெரிய இழப்பாகிறது. அங்கே ஓடும் எக்ஸ் வகை நீராவி இன்ஜினை விரும்பாத மாதிரிக்காரர் இல்லை. அதற்குப் போடுவது என்னவோ ஏதோ ஒரு இரண்டு சிலிண்டர் இன்ஜினின் ஓசை: சக்கரம் ஒரு சுற்றுக்கு நான்கு ‘சக்’. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சமவெளியில் அது பொருந்தும். அங்கே இரண்டு உயர் அழுத்தச் சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்கின்றன. கல்லாறு தாண்டி 12 அடிக்கு ஓர் அடி ஏறும் பற்சட்டப் பாதையில் கதை மாறுகிறது. உயர் அழுத்தச் சிலிண்டரில் வேலை முடித்த நீராவி அங்கிருந்து தாழ் அழுத்தச் சிலிண்டர்களுக்குப் போகிறது. அவை பற்சட்டத்தைக் கவ்வும் சக்கரத்தைப் பல்லிணைப்பு வழியாகச் சுற்றுகின்றன. புகைபோக்கியில் நாம் கேட்பது இப்போது இந்தத் தாழ் அழுத்தச் சிலிண்டர்களின் மூச்சு. தண்டவாளச் சக்கரம் சுற்றும் கதிக்கும் அதற்கும் பழைய கணக்கு கிடையாது. ஆகவே எக்ஸ் வகைக்கு இரண்டு ஒலித்தொகுதி வேண்டும், கல்லாற்றில் பொத்தானை அழுத்தி மாறிக்கொள்ள வேண்டும். லோக்சவுண்டில் இதற்கான ஷிஃப்ட் வசதி ஆண்டுக்கணக்காக இருக்கிறது. அடி விழும் இடத்தைச் சக்கரத்தோடு பொருத்த 57, 58ஆம் சிவிகள் இருக்கின்றன. இல்லாதது பதிவுதான்.

பதிவு செய்ய இன்றும் வழி இருக்கிறது என்பதால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன். அகலப்பாதையின் மின்மயமாக்கல் ஏறத்தாழ முடிந்துவிட்டது. ஆல்கோக்கள் ஒவ்வொன்றாகக் கழிக்கப்படுகின்றன. ஆனால் அறந்தாங்கியில் நின்றுபோன அதே ஒய்டிஎம்-4 வகை குன்னூர் – உதகை இடையே இன்னும் வண்டி இழுக்கிறது. போகிறவர்கள் செல்போனில் காணொளி மட்டும் எடுத்துத் திரும்புகிறார்கள். அதில் காற்றும் பேச்சும் கலந்து, செல்போன் தானே ஒலியைக் கூட்டிக் குறைத்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். தனி ஒலிப்பதிவுக் கருவி, மைக்கின் மேல் பஞ்சுறை, ஒலிமட்டம் கையால் பூட்டப்பட்டிருக்க வேண்டும், எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பு. நின்ற நிலையில் இடையூறில்லாமல் இரண்டு நிமிடம். புறப்பாட்டில் முதல் நாட்சு முதல் மேலே ஏறுவது வரை ஒரே தொடராக. நாட்சு இறங்குவது தனியாக. இரண்டு ஹாரனும் தனித்தனியாக ஒரு முறை, சேர்த்து ஒரு முறை. எக்ஸ்பிரஸர் ஓடுவது, பிரேக் போடுவது, விடுவது. ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் இன்ஜின் எண், இடம், தேதி. இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு குன்னூருக்கு நாலு பேர் போனால் போதும். தமிழ்நாட்டில் ஒய்டிஎம்-4 மாதிரி செய்யும் எவரும் அதற்குப் பிறகு அமெரிக்காவின் 16 சிலிண்டரிடம் போய் நிற்க வேண்டியிருக்காது.